செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து: அலாம் குளிசைப் பெட்டி, ஏழு மாதப் பாவனைக்குப் பிறகு

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய ஒரு குளிசைப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். விலை 3,200 ரூபாய். ஏழு நாளுக்கு ஏழு பட்டி, ஒவ்வொரு பட்டியிலும் மூன்று அறை, நடுவில் அலாம் வைத்த ஒரு சின்ன மணிக்கூடு. ஏழு மாதமாக வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். இதைத் தேடித் திரிந்த நாட்களில் யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

பெட்டி என் தம்பிக்கு. 54 வயது. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவன் இதை வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தி, "போடுங்கோ அக்கா" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். எப்படித் தொற்றியது என்று நான் அவனிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

தம்பி 26 வருஷம் புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்தக் கடையில் கணக்குப் பார்த்தவன். பில்லில் பதினைந்து வரி இருந்தாலும் பேனையை மேலிருந்து கீழே ஒரு தரம் ஓட்டிவிட்டு அடியில் கூட்டுத்தொகையை எழுதுவான். கல்குலேட்டரைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானான். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் இரண்டு மூச்சு பிந்தி வரும். தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகியது, ஒரு மாதத்தில் மூன்று தடவை. காலி வீதியைக் கடக்க நின்றவன், வாகனம் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருந்தான். எழுத்துக் கோணியது. படியில் கால் தடுக்கியது. சிரிப்பும் குறைந்தது. கேட்டால் "ஒண்டுமில்லை" என்பான்.

பழைய விஷயம் எதுவும் அவனுக்கு மறக்கவில்லை. அம்மாவின் ஒடியல் கூழுக்கு என்னென்ன போட வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வான். மறந்ததெல்லாம் இனிமேல் செய்ய வேண்டியவை. இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியமானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் மனவருத்தம் என்றோம், கடையில் சோம்பல் என்றார்கள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் விற்றமினும் நித்திரைக் குளிசையும் தந்து அனுப்பினார்கள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கடைசியில் வேறொரு இடத்தில், படித்து முடித்து அதிக நாள் ஆகாத ஒரு டொக்டர், "எச்.ஐ.வி. பரிசோதனை செய்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டார். அந்தப் பிள்ளையை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

குருதியில் நோயெதிர்ப்புக்கு உதவும் சிடி4 வெண்கலங்களின் எண்ணிக்கை 84 என்று வந்தது, மிகவும் குறைவு. மூளை ஸ்கேன் எடுத்தார்கள், முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். காசநோய், பூஞ்சைத் தொற்று, மற்றவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு, வைரஸே மூளையில் இந்த வேலையைச் செய்திருக்கிறது என்றார்கள். மருந்து அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே குளிசை, அதற்குள் மூன்று மருந்து: டெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெக்ராவிர்.

சரி, இனிப் பெட்டிக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது 450 ரூபாய்ப் பெட்டி, வீதியோரம் கிடைப்பது. அந்தக் குளிசை நீளமானது. அறைக்குள் குறுக்காக வைத்தால்தான் மூடி பூட்டும், பூட்டினால் திறக்க நகம் வேண்டும். தம்பியின் விரல்கள் அப்போது சின்ன வேலைகளுக்கு ஒத்துழைக்கவில்லை, இரண்டு தடவை குளிசை தெறித்து அலுமாரிக்கு அடியில் போனது. மூடிகளில் நாட்களின் ஆங்கில முதலெழுத்து மட்டும் போட்டிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. எனக்கும் உங்களுக்கும் அது பொருட்டே இல்லை, பக்கத்து அறையைப் பார்த்து எது என்று கண்டுபிடித்துவிடுவோம். தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அழப்போகிற முகத்தோடு என்னைப் பார்த்தான். அன்றைக்கே 101 பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனேன்.

புதுப் பெட்டியிலும் அதே எழுத்துப் பிழைதான் இருக்கிறது. ஆனால் மூடி அகலமானது, வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட இடம் இருக்கிறது. தி, செ, பு, வி, வெ, ச, ஞா என்று தடித்த பேனையால் எழுதி, மேலே செலோடேப் ஒட்டினேன். ஏழு மாதமாகியும் அழியவில்லை. தமிழிலோ சிங்களத்திலோ நாள் அச்சிட்ட குளிசைப் பெட்டியை இந்த ஊரில் நான் தேடாத கடை இல்லை. யாராவது இறக்குமதி செய்கிறவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து யோசியுங்கள்.

நான் 29 வருஷம் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். கிளினிக்கில் டொக்டர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி ராத்திரியாக நானே உட்கார்ந்து வாசித்தேன். தம்பியின் மறதி கவனயீனம் இல்லை என்பது எனக்குள் முழுதாக இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இறங்காவிட்டால் நான் அவனோடு கோபப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

எனக்கு விளங்கியது இதுதான். எச்.ஐ.வி. நரம்புக்கலத்துக்குள் புகுவதில்லை. புகுவதற்கு அந்த வைரஸுக்குப் பிடி வேண்டும்: சிடி4 என்ற புரதமும், கூடவே சிசிஆர்5 போன்ற துணைப் பிடியும். நரம்புக்கலத்தின் மேல் சிடி4 இல்லை. மூளையில் அந்தப் பிடி இரண்டும் உள்ளவை மைக்ரோகிளியா என்ற கலங்கள். 1919ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா தனியாக இனங்கண்டு பெயர் வைத்தவை. மூளைக் கலங்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இவைதான். கருவாக இருக்கும்போதே மூளைக்குள் குடிவந்து, வருஷக்கணக்கில் அங்கேயே வாழ்கின்றன. மெல்லிய கைகளை நீட்டி நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்ப்பது, குப்பையை அள்ளுவது, கிருமியைப் பிடிப்பது, வேண்டாத நரம்பு இணைப்பைக் கத்தரிப்பது எல்லாம் இவற்றின் வேலை.

வைரஸ் தனியாக உள்ளே வருவதில்லை. குருதியில் உள்ளதெல்லாம் மூளைக்குள் போய்விடாமல் ஒரு காவல் இருக்கிறது, குருதி–மூளைத் தடை என்பார்கள். குருதியிலுள்ள வெண்கலங்கள் கடமைக்காக அந்தத் தடையைக் கடந்து போகும்போது, அவற்றுக்குள் இருந்தபடியே போய்விடுகிறது. தொற்றிய ஆரம்ப வாரங்களிலேயே இது நடந்துவிடும். பிறகு மைக்ரோகிளியாவுக்குள் குடியேறுகிறது. குருதியில் அது பிடிக்கும், டி கலங்கள் என்ற வெண்கலங்கள் பெரும்பாலும் கெதியாக அழிந்துவிடும். மைக்ரோகிளியா அப்படிச் சாவதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்போம். இங்கே வேலி விழவும் இல்லை, தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல வேலியாகவே நிற்கிறது.

தொற்றிய மைக்ரோகிளியா என்ன செய்கிறது? வைரஸின் சொந்தப் புரதங்களைக் கசியவிடுகிறது. ஜிபி120 என்று ஒன்று, டாட் என்று ஒன்று. அதோடு அழற்சியை மூட்டும் டிஎன்எஃப்-அல்ஃபா போன்ற பொருட்கள், குவினோலினிக் அமிலம், அளவுக்கு மிஞ்சிய குளுட்டமேட். தொற்றாத பக்கத்துக் கலங்களும் இதைக் கேட்டுக் கிளர்ந்துவிடுகின்றன. குளுட்டமேட் கெட்ட பொருள் இல்லை. ஒரு நரம்புக்கலம் இன்னொன்றைக் கூப்பிடும் குரலே அதுதான். கூப்பிட்டு முடிந்ததும் அஸ்ட்ரோசைட் என்ற உதவிக் கலங்கள் மிச்சத்தை உறிஞ்சி இடத்தைச் சுத்தமாக்கிவிடும். இந்த நோயில் குளுட்டமேட் கூடுகிறது, உறிஞ்சுகிற வேலையும் தளர்கிறது. கூப்பிட்ட குரல் ஓயவே ஓயாது. குளுட்டமேட் பட்டால் திறக்கும், என்எம்டிஏ என்ற நரம்புக்கலத்தின் வாசல்கள் மூட முடியாமல் திறந்து கிடக்க, கல்சியம் உள்ளே பாய்கிறது. கொஞ்சம் கல்சியம் செய்தி, நிறையக் கல்சியம் நஞ்சு. கலத்தின் சக்தி நிலையமான மைட்டோகொண்ட்ரியா களைத்துப்போகிறது, நுனிக் கிளைகள் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருங்குகின்றன, இரண்டு கலம் சந்திக்கும் இணைப்புகள் கழன்றுபோகின்றன.

எனக்கு ஆறுதல் தந்த செய்தியும் அங்கேதான் இருந்தது. எத்தனை கலம் செத்தது என்பதைவிட, எத்தனை கிளையும் இணைப்பும் போயின என்பதே அறிவாற்றல் குறைவோடு நெருங்கி ஒத்துப்போகிறது. செத்த நரம்புக்கலம் திரும்பாது. கிளை ஒடிந்த கலத்துக்கோ இன்னும் உயிர் இருக்கிறது.

இந்தச் சேதம் மூளையின் ஆழத்திலுள்ள அடிப்படை நரம்புத்திரள்களையும், நரம்பு இழைகள் ஓடும் வெண்பொருளையும் அதிகம் தாக்குகிறது. அதனால்தான் நினைவு அழிவதற்கு முன் வேகம் போகிறது, செய்ய நினைத்ததைச் செய்து முடிக்கும் திறன் போகிறது, நடை தடுமாறுகிறது, உற்சாகம் வற்றுகிறது. கேத்தல் ஏன் கருகியது, கூழ் ஏன் மறக்கவில்லை என்று வாசித்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. லாம்பை அணைத்துவிட்டு இருட்டில் கனநேரம் இருந்தேன். சோம்பல் என்று நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அவன் முகத்துக்கு நேரேயே.

1986ல் நேவியா, ஜோர்டன், பிரைஸ் என்ற மூன்று அமெரிக்க வைத்தியர்கள் இதை எயிட்ஸ் மறதிநோய்த் தொகுதி என்று விவரித்தார்கள். அப்போது நோய் முற்றியவர்களில் பலர் கடைசியில் பேச்சற்று, படுக்கையில் முடிந்தார்கள். 1996ஐ ஒட்டிக் கூட்டு மருந்துகள் வந்த பிறகு அந்தக் கடும் வடிவம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மெல்லிய வடிவம் மட்டும் மருந்து எடுக்கிறவர்களிலும் சிலருக்கு மிஞ்சுகிறது. அதற்கும் காரணம் சொல்கிறார்கள். குருதி–மூளைத் தடை பல மருந்துகளை முழு அளவில் உள்ளே விடுவதில்லை. இருக்கிற மருந்தும் வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்தும், மைக்ரோகிளியாவின் மரபணுவுக்குள் தைத்துக்கொண்ட வைரஸை வெளியே எடுக்காது. 2023ல் வட கரோலைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல வருஷம் ஒழுங்காக மருந்து எடுத்து இறந்தவர்களின் மூளையிலிருந்து மைக்ரோகிளியாவைப் பிரித்தெடுத்துப் பார்த்து, இன்னும் பெருகக்கூடிய வைரஸ் அதில் இருப்பதைக் காட்டினார்கள். அந்த மூளைகள், இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர்களே உயிரோடு இருக்கும்போது எழுதிக்கொடுத்தவை. வாசித்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன்.

நரம்புக்கலத்தின் அந்த வாசலைக் காக்கும் மருந்து இல்லையா என்று நானும் தேடினேன். அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மெமன்டீனைச் சோதித்திருக்கிறார்கள், தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஆகவே நம் கையில் இருப்பது ஒன்றுதான்: அந்த ஒரு குளிசையை ஒரு நாளும் தவறாமல் எடுப்பது. தவறினால் வைரஸ் திரும்பப் பெருகும், பெருகினால் மூளை இன்னும் சேதப்படும், சேதப்பட்டால் குளிசையை இன்னும் மறப்பான். மறதி வந்தவனிடம் மறக்காதே என்று சொல்லிப் பயன் என்ன? அந்த வேலையை வேறு ஏதாவது ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அதை எடுத்துக்கொண்டது இந்த 3,200 ரூபாய்ப் பெட்டி.

இதன் மிகப் பெரிய குணம் அலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அலாமைவிட வெறும் அறையே பெரிய உதவி செய்தது. முன்பெல்லாம் காலையில் ஒரே வாக்குவாதம். "எடுத்தனான் அக்கா." "எப்ப எடுத்தனி?" அவனுக்கும் நிச்சயம் இல்லை, எனக்கும் இல்லை. இரண்டாம் தடவை எடுத்துவிடுவானோ என்று ஒரு பயம், எடுக்காமலே விட்டானோ என்று இன்னொரு பயம். இப்போது மூடியைத் திறந்தால் அறை வெறுமையாக இருக்கும், அல்லது குளிசை இருக்கும். கேள்வி கேட்கத் தேவையே இல்லை. அவனுடைய மரியாதைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

மூன்று அறை இருப்பதும் வீணாகவில்லை. ஆரம்பத்தில் வைரஸ் குளிசையை இரவில் எடுத்தான், நித்திரை குழம்பியது, டொக்டர் காலைக்கு மாற்றினார். தம்பிக்கு வயிற்றெரிவும் உண்டு. அலுமினியம், மக்னீசியம் கலந்த வயிற்றெரிவுக் குளிசைகள் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்து, குருதியில் சேரவிடாமல் செய்யும். வைரஸ் குளிசை எடுத்து இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும். வயிற்றெரிவுக் குளிசையை முதலில் எடுத்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆகவே காலை 7.30க்கு அது, மத்தியானம் 2 மணிக்கு இது, இரவில் பிரஷர் குளிசை. அறை மாறாத வரைக்கும் பிழை நடக்காது.

இனிக் குறைகள். அலாம் ஒரு நிமிஷம் அடித்துவிட்டு நிற்கும், ஐந்து நிமிஷத்தில் திரும்ப அடிக்கும், மூன்று தடவை. நல்லதுதான். ஆனால் பொத்தானை அமத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான். மூடி திறந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது. முதல் மாதத்தில் தம்பி சத்தத்தை நிறுத்திவிட்டு, குளிசைக்குக் கை நீட்டும் முன் யன்னலில் ஒரு காகம் கத்தியது, அதைப் பார்த்தான், விஷயம் போய்விட்டது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று செக்கன்தான். அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டோம்: குளிசை வாயில் போன பிறகுதான் பொத்தானைத் தொடலாம். சத்தம் காதைத் துளைக்கட்டும், பரவாயில்லை. பெட்டிக்குள் இருக்கும் குறையைப் பழக்கத்தால் அடைத்துவிட்டோம். வசதி உள்ளவர்கள், மூடி திறக்கும் வரை அடிக்கிற வகையைப் பாருங்கள். விலை பல மடங்கு.

அடுத்தது கடற்காற்று. எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். நாலாம் மாதமே பற்றரி வைக்கும் கம்பிச்சுருளில் பச்சைப் பூப்போல் ஏறி, ஒரு வியாழன் காலை மணிக்கூடு ஊமையாகிவிட்டது. வினாகிரியில் பஞ்சு தோய்த்துத் துடைத்ததும் சரிவந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள். குளிசைக்கும் ஈரம் ஆகாது. ஒரு வாரத்துக்கு மேல் போத்தலிலிருந்து எடுத்து வைக்க வேண்டாம், போத்தலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிய வேண்டாம் என்று கிளினிக்கில் மிஸ் சொன்னார். ஞாயிறு பின்னேரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அடுக்குவோம். இப்போது அவன் அடுக்குகிறான், நான் பார்க்கிறேன்.

இன்னொரு நன்மையை விளம்பரத்தில் போடமாட்டார்கள். போத்தல் கிலுகிலுக்கும், அதன் மேல் மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கொழும்பில் எங்கள் வீடுகளில் ஆள் வந்துபோகாத நாள் இல்லை. பெட்டி மேசையில் கிடந்தால் எல்லோருக்கும் அது பிரஷர், சீனி வருத்தம். ஒரு நாள் பட்டியைத் தனியாகக் கழற்றிச் சேர்ட் பொக்கற்றில் போடலாம். அறைக்குள் சின்னப் பஞ்சுத் துண்டு வைத்தால் பஸ்ஸிலும் சத்தம் கேட்காது. வைரஸ் குருதியில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், அது உடலுறவால் இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே கிண்ணத்தில் குடித்தால் எப்போதுமே தொற்றியதில்லை. இதை எல்லோரும் அறிந்திருந்தால் பஞ்சு தேவைப்பட்டிருக்காது.

தம்பியின் குருதியில் இப்போது வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கிறது. சிடி4 ஏறிக்கொண்டு வருகிறது. வேகம் முழுதாகத் திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். காலி வீதியைத் தனியாகக் கடக்கிறான். போன மாதம் ஸ்டிக்கரில் நான் எழுதிய "வி" மங்கலாக இருக்கிறது என்று தானே புதிதாக எழுதி ஒட்டினான். எழுத்து இன்னும் கொஞ்சம் கோணல்தான், கோட்டுக்குள் நிற்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் குளிசையில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அறைக்குள் போட்டு, மூடி பூட்டுகிறதா என்று பாருங்கள். நோயாளியையும் கூட்டிப் போங்கள், அவர் விரலால் திறக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. பற்றரி பெட்டியோடு வராது, கடையிலேயே வாங்கிப் போட்டு, வீதி இரைச்சலுக்கு மேல் அலாம் கேட்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.